பச்சைமுத்து சூடு வைத்த டயர்கள்

தங்கம் டெல்லிக்கு வந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. எழுபத்தைந்தாம் வருஷத்து மார்கழி. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் புழுங்கலரிசியும் ஒரு தேங்காயும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறியவள், கூட்டம் இறங்கிய வேகத்தில் தானும் ஏதோ ஒரு ஸ்டாப்பில் இறங்கிவிட்டாள். சாயங்காலம் ஆறு மணிதான். ஆனால் பனி இறங்கி எதிரில் வருவது ஆளா மரமா என்று தெரியவில்லை. இந்தி ஒரு வார்த்தை வராது. எதிரில் வந்தவர்களிடம் மோதி பாக், மோதி பாக் என்று மட்டும் கேட்டுப் பார்த்தாள். "முருகா, முருகா" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே தோன்றிய பக்கம் நடந்தாள்.

பின்னால் ஒரு காலடிச் சத்தம். அவள் வேகமாக நடந்தால் அதுவும் வேகமாக வந்தது. நின்றால் நின்றது. திரும்பிப் பார்த்தாள். பத்தடி தள்ளி, மங்கி குல்லாய் போட்ட ஓர் ஆள், எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். தங்கம் பையிலிருந்த தேங்காயைக் கையில் எடுத்துக்கொண்டாள். கிட்டே வந்தால் மண்டையில் போட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள்.

நாலு ரோடு சேரும் இடத்தில் அவள் இடது பக்கம் திரும்பப் போனாள். அந்த ஆள் சட்டென்று அவளைத் தாண்டி முன்னால் போனார். முகத்தைத் திருப்பாமல், தனக்குத்தானே பேசிக்கொள்கிறவர் போல, "மோதி பாக்குக்கு இந்த ரோடு" என்று தமிழில் சொன்னார். சொல்லிவிட்டு வலது பக்கம் திரும்பி மெதுவாக நடந்தார். நம்பவும் முடியாமல் வேறு வழியும் இல்லாமல் தேங்காயோடு தங்கம் பின்னாலேயே போனாள். தன் குவார்ட்டர்ஸ் இருந்த பிளாக்கின் கேட்டுக்குள் அவள் நுழைந்ததும் அவர் ஒரு வார்த்தை பேசாமல், வந்த வழியே திரும்பிப் பனிக்குள் போய்விட்டார். அவர் போக வேண்டிய இடம் அந்தப் பக்கமே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

மூன்று மாதம் கழித்து மலை மந்திர் முருகன் கோயில் படிக்கட்டில் தங்கத்தின் வீட்டுக்காரர் சிவஞானம் ஒருவரைக் கூட்டிவந்து, எங்கள் ஆபீஸ் பரிசோதகர், பச்சைமுத்து, திருப்பத்தூர்ப் பக்கம் என்று அறிமுகம் செய்துவைத்தார். தங்கத்துக்கு ஆளை உடனே அடையாளம் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. ஆனால் இரண்டு பேருமே அதைப்பற்றிப் பேசவில்லை. அன்றிலிருந்து அவர் அவளுக்கு அண்ணாச்சி. அவள் அவருக்குத் தங்கச்சி.

பச்சைமுத்து ராணுவத்தில் வண்டி பழுது பார்க்கும் பிரிவில் ஹவில்தாராக இருந்து பென்ஷன் வாங்கியவர். மனைவி மக்கள் ஊரில். அவர் மட்டும் சேவா நகரில் ஒரு அறை எடுத்துத் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டு, சிவஞானம் குமாஸ்தாவாக இருந்த அதே நிறுவனத்தில் வேலை பார்த்தார். நேபாளத்தில் மலைச்சாலை போடும் வேலைக்கு இங்கிருந்து லாரியில் சாமான் அனுப்புகிற நிறுவனம் அது. ஓக்லா பக்கம் டிப்போ. எல்லை தாண்டும் ஒவ்வொரு லாரியையும் பச்சைமுத்து சோதித்து, ஓட்டத் தகுந்தது என்று தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளோடு மற்ற எல்லைக் காகிதங்களைச் சேர்த்துக் கட்டித் தருவது சிவஞானத்தின் வேலை.

சந்தேகப்படுவது பச்சைமுத்துவுக்குத் தொழில் மட்டும் இல்லை, பிறவிக் குணம். பஸ் வந்தால் நம்பர் பார்ப்பதற்கு முன்னால் முன் டயரைப் பார்ப்பார். வழுக்கையாக இருந்தால் ஏற மாட்டார். இப்படி மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு ஆபீசுக்கு நேரம் கழித்து வந்து மெமோ வாங்கியிருக்கிறார். பால்காரர் கண்ணெதிரில் கறந்தாலும் ஒரு சொட்டை நகத்தில் விட்டுப் பார்ப்பார். தங்கம் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டால் வந்து உட்கார்ந்து, மணைப் பலகையை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் இலையைத் தொடுவார். "என் சமையலையாவது நம்பலாம் அண்ணாச்சி" என்பாள் தங்கம். அவர் சிரிக்க மாட்டார். உப்பு எந்தக் கடையில் வாங்கினது என்று கேட்பார்.

அவருக்கும் மேலே சந்தேகம் பிடித்த ஒரே ஒரு மனிதரை அவர் எல்லைக்கு அந்தப் பக்கம் பார்த்திருந்தார். ஒரு லாரியோடு சோனௌலி எல்லைச் சாவடி வழியாகப் போனபோது, அங்கே வண்டி சோதிக்கிற கிருஷ்ண பகதூர் என்ற குள்ளமான மனிதர், இவர் நீட்டிய தாளை வாங்கவே இல்லை. டெல்லிக் காகிதம் டெல்லியில்தான் ஓடும் என்று சொல்லிவிட்டாராம். இங்கே சோதனை என்றால் காலி வண்டியைச் சமதரையில் ஓட்டிப் பிரேக் பிடித்துப் பார்ப்பார்கள். அங்கே முழு லோடோடு மேட்டில் ஏற்றி, கை பிரேக்கை மட்டும் போட்டு, டிரைவரை இறங்கச் சொல்லிவிட்டு, ஒரு பீடி குடித்து முடிக்கிற வரைக்கும் வண்டி நகராமல் நிற்கிறதா என்று பார்த்தார் கிருஷ்ண பகதூர். டயரை ஒவ்வொன்றாக விரல் விட்டு அளந்தார். பச்சைமுத்துவுக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. திரும்பி வந்ததும் மேலதிகாரியிடம் மன்றாடி, ஓக்லா டிப்போவில் மண் கொட்டி ஒரு மேடு போட வைத்தார். அன்றிலிருந்து இங்கேயும் லோடோடுதான், மேட்டில்தான் சோதனை. டிரைவர்கள் அதற்குப் பச்சைமுத்து பஹாட், அதாவது பச்சைமுத்து மலை, என்று பேர் வைத்துக் கேலி செய்தார்கள்.

இவ்வளவு செய்தும் எழுபத்தொன்பதாம் வருஷத்தில் லாரிகள் திரும்பி வர ஆரம்பித்தன. எல்லை தாண்டிய முதல் சோதனையிலேயே டயர் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இவர் புது டயரோடு அனுப்பிய வண்டிகள் அவை. சாமான் போகாமல் அங்கே வேலை நின்றது. கடிதம் மேல் கடிதம் வந்தது. டிரைவர்களை ஏற்பாடு செய்து தரும் காண்ட்ராக்டரிடம் கணக்கு எழுதும் முன்ஷி ஆபீஸ் முழுக்க ஒரே பாட்டைப் பாடினார்: அந்தப் பக்கம் ரூல் வேற சாப், நம்ம தரம் வேற, அவங்க தரம் வேற. பெரிய அதிகாரிகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். இரண்டு தேசத்துக்குத் தரம் ஒத்துவரவில்லை என்று எழுதிவிட்டால் அதற்குமேல் யாரும் எதையும் தேட வேண்டியதில்லை.

பச்சைமுத்து மட்டும் அதை நம்பவில்லை. தான் பார்த்து அனுப்பிய டயரும் அங்கே போய்ச் சேர்ந்த டயரும் ஒன்றுதானா என்று அவருக்குச் சந்தேகம். ஆவணி மாதத்திலிருந்து அவர் ஒரு காரியம் செய்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குத் தங்கமும் டிப்போவுக்குப் போயிருந்தாள். தமிழ் ஆட்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வருஷா வருஷம் செய்கிற பூஜை அது. பஞ்சாபி டிரைவர்களும் சுண்டலுக்காகக் குளித்துவிட்டு வந்து நிற்பார்கள். சோதனை முடிந்து, காகிதத்துக்காக வெளி யார்டில் நிற்கும் வண்டிகளுக்கும் பூஜை உண்டு. தங்கம் சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொரு வண்டியாகப் போனாள். ஒரு வண்டியின் நம்பர் 1008 என்று முடிந்தது. ஆயிரத்தெட்டு என்றால் அர்ச்சனைக் கணக்கு அல்லவா, அவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று. அந்த வண்டிக்கு மட்டும் நம்பர் பலகைக்கும் சந்தனம் வைத்துவிட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தாள்.

டயரின் உள்பக்கத்தில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு வேல். இரும்பைக் காய்ச்சிச் சூடு வைத்தது போல ரப்பரில் பதிந்திருந்தது. பின்னால் போய்க் குனிந்தாள். அங்கேயும் வேல். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, அவள் குனிந்த இடத்திலெல்லாம் முருகன் இருந்தான். இதைச் செய்த கை யாருடையது என்று அவள் யோசிக்கவில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்தாள். நிமிர்ந்தபோது பச்சைமுத்து தூரத்தில் நின்று அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு அடுத்த ஞாயிறு, தங்கம் பஸ்ஸில் போகல் என்ற பேட்டை வழியாகப் போகும்போது பச்சைமுத்துவை மறுபடி பார்த்தாள். பழைய டயர்க் கடை ஒன்றின் வாசலில் உட்கார்ந்து, அடுக்கியிருந்த டயர்களுக்குள் கையை விட்டுத் தடவிக்கொண்டிருந்தார். கடைக்காரர் அவரை முறைத்துக்கொண்டு நின்றார். அண்ணாச்சிக்கு டயர்க் கடையில் என்ன வியாபாரம் என்று அவளுக்கு உறுத்தியது. வீட்டுக்கு வந்தும் உறுத்தியது. ஆனால் கேட்கவில்லை.

கார்த்திகையில் வெடித்தது. மறுபடியும் ஆறு லாரிகள் திரும்பி வந்திருந்தன. தலைமை ஆபீசிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். போகல் கடையில் நிறுவனத்தின் புது டயர்கள் பதினொன்று பிடிபட்டன. எல்லாவற்றிலும் உள்பக்கம் வேல் குறி. அது என்ன குறி என்று முதலில் யாருக்கும் தெரியவில்லையாம். ஒரு பியூன்தான், இது மதராசிகளின் சாமி ஆயுதம், மலை மந்திரில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறான். டயர் கொண்டுவந்தது யார் என்று கடைக்காரரைக் கேட்டால், எனக்குப் பேர் தெரியாது, ஆனால் ஒரு மதராசி ஞாயிறு தோறும் வந்து டயரைத் தடவிப் பார்ப்பான் என்றார். பச்சைமுத்துவின் மேஜை டிராயரில் சின்ன இரும்பு வேல் ஒன்று, நுனி கருகி, கிடைத்தது. பிறகு என்ன வேண்டும்? அன்று சாயங்காலமே சஸ்பெண்ட்.

சிவஞானம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபடி இதையெல்லாம் சொன்னார். அண்ணாச்சி எதுவும் சொல்லவில்லையா என்று தங்கம் கேட்டாள். சொன்னாராம். திருடனைப் பிடிக்கத்தான் நான் குறி வைத்தேன், என் டயர் எங்கே போகிறது என்று தேடித்தான் கடைக்குப் போனேன் என்றாராம். அப்படியானால் குறி வைத்ததை யாரிடமாவது முன்கூட்டிச் சொன்னாயா என்று அதிகாரி கேட்டிருக்கிறார். இல்லை. ஏன் சொல்லவில்லை? எல்லார் மேலும் எனக்குச் சந்தேகம் இருந்தது. அதிகாரி சிரித்துவிட்டாராம்.

"எல்லார் மேலயும்னா என் மேலயும்தானே? நம்ம வீட்டுச் சோத்தத் தின்னுக்கிட்டே என்னையச் சந்தேகப்பட்டிருக்காரு பாத்துக்கோ" என்றார் சிவஞானம்.

தங்கத்துக்குப் போகல் கடை வாசல் கண்ணில் வந்தது. அப்போ அண்ணாச்சிதானா? ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தாள். அதிகாரிகளின் கட்சி என்னவென்றால், பச்சைமுத்து சோதனைக் கொட்டகையிலேயே புது டயரைக் கழற்றித் தன் பங்குக்கு அடையாளம் வைத்து விற்றுவிட்டு, வழுக்கை டயர் மாட்டிய வண்டிக்குப் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்பது. திரும்பி வந்த வண்டிகளின் நம்பர்களைச் சிவஞானம் வரிசையாகச் சொன்னார். நாலாவது நம்பர் 1008 என்று முடிந்தது.

தங்கத்தின் கை குழம்புக் கரண்டியோடு நின்றுவிட்டது.

"அந்த ஆயிரத்தெட்டு வண்டில நான் பாத்தேனே. ஆயுத பூஜை அன்னைக்கு. வெளி யார்டுல நிக்கும்போது எல்லா டயர்லயும் வேல் இருந்துச்சே. அப்போ அண்ணாச்சி கைய விட்டுப் போகும்போது நல்ல டயர்தானே போயிருக்கு? வெளியில வச்சுத்தானே மாத்தியிருக்காங்க?"

முருகன் புண்ணியத்தில் ஒரு மனிதரைக் காப்பாற்ற வழி கிடைத்தது என்று அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. நிமிர்ந்து வீட்டுக்காரரைப் பார்த்தாள். சிவஞானத்தின் முகத்தில் ரத்தம் இல்லை.

"ஏட்டி, அத எங்கயும் சொல்லிராத" என்றார். "வெளி யார்டுல வண்டி எதுக்கு நிக்கி? காகிதத்துக்கு. காகிதம் யாருட்ட இருக்கு? எங்கிட்ட. நீ அவரக் காப்பாத்தப் போயி என்னைய மாட்டி வச்சிராத. வேல போனா குவார்ட்டர்ஸும் போயிரும்."

சாதத்தை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்து போய்விட்டார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்த முகம் நியாயம் பேசுகிற முகமாக இல்லை. பதினேழு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அது தெரியாதா?

மறுநாள் அவர் ஆபீஸ் போனதும் தங்கம் வீட்டைப் பார்க்க ஆரம்பித்தாள். தன் வீட்டை, திருட வந்தவள் போலப் பார்த்தாள். இந்த நைலான் சாக்ஸ் எப்போது வந்தது? அலாரம் கடிகாரம் போன தீபாவளிக்கு வாங்கினதுதானே? இந்தப் பேனாவுக்கு மூடி பொன் நிறத்தில் இருக்கிறதே? சட்டைப் பைகளில் கைவிட்டாள். டிரங்குப் பெட்டியின் அடியில் தடவினாள். தடவும்போது போகல் கடையில் டயருக்குள் கைவிட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சி மாதிரியே தானும் உட்கார்ந்திருப்பது அவளுக்கே தெரிந்தது.

கதவுக்குப் பின்னால் ஆணியில் குடை தொங்கியது. மடக்கினால் முழங்கை அளவுதான் வரும். பொத்தானை அமுக்கினால் தானே விரியும். நேபாளத்திலிருந்து வருகிற வெளிநாட்டுக் குடை. மழைக்காலத்தில் அவர் கொண்டுவந்தபோது அவளுக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது. கரோல் பாக்கில் வாங்கியதாகச் சொன்ன ஞாபகம்.

சாயங்காலம் அவர் வந்து காபி குடித்து முடிக்கிற வரை காத்திருந்து, குடை எங்கே வாங்கினது என்று கேட்டாள். பாலிகா பஜாரில் என்றார். தங்கம் குடையை எடுத்து அவருக்கு முன்னால் தரையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் இரண்டு நாள் அவள் அவரோடு பேசவில்லை. சமைத்துப் போட்டாள். விளக்கேற்றினாள். முருகன் படத்துக்கு முன்னால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் உட்கார்ந்திருந்தாள். குடை தரையிலேயே கிடந்தது. இரண்டு பேரும் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

மூன்றாம் நாள் காலையில் சவரம் செய்துகொண்டே சிவஞானம் கண்ணாடியைப் பார்த்துப் பேசினார். முன்ஷிதான் குடை கொடுத்தாராம். டயர் விஷயம் சத்தியமாகத் தெரியாதாம். காகிதத்தை அன்றைக்கே தராமல் இரண்டு நாள் கழித்துத் தரச்சொன்னார், ஆராம் ஸே பாபுஜி, மெதுவாகத் தாருங்கள், என்ன ஜல்தி என்றார், டிரைவர்கள் ஓய்வு எடுக்கத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தேன் என்றார்.

"நெனச்சியளா, நெனைக்கணும்னு நெனச்சியளா?" என்று கேட்டாள் தங்கம்.

அவர் பிளேடைக் கழற்றிக் கழுவினார். துடைத்தார். மறுபடி கழுவினார்.

அன்று மத்தியானம் தங்கம் ஒரு தாளை எடுத்து, நாலாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு, தான் பார்த்ததை எழுதினாள். இன்ன நாளில், இன்ன நம்பர் வண்டியில், வெளி யார்டில், நாலு இடத்தில் வேல் பார்த்தேன், முருகன் மேல் ஆணையாக இது உண்மை. வீட்டுக்காரரைப் பற்றி ஒரு எழுத்து எழுதவில்லை. அதற்கு அவளுக்கு மனசு வரவில்லை. சாயங்காலம் அதை அவரிடம் நீட்டி, இதை நான் அதிகாரிக்குக் கொடுக்கப் போகிறேன் என்றாள்.

சிவஞானம் நின்றபடியே இரண்டு தடவை படித்தார். அந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது என்றார். பிறகு, "குடு, நாளைக்கு ஆபீஸ்ல இங்கிலீஷ்ல அடிச்சுத் தாரேன். கையெழுத்துப் போட்டுக் குடுத்துரு" என்றார்.

அவர் வேண்டாம் என்று சண்டை போட்டிருந்தால்கூட தங்கம் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். இங்கிலீஷில் அவர் என்ன அடித்தாலும் அவளுக்குத் தெரியப் போவதில்லை. வேல் குறியைப் பார்க்கவே இல்லை என்று அடிக்கலாம். அண்ணாச்சிதான் கழற்றினார் என்று அடிக்கலாம். அதன் அடியில் தன் கையால் தங்கம் என்று கையெழுத்துப் போட வேண்டும். வேறு யாரைக் கேட்பது? வேறு ஆளைத் தேடினால் புருஷனை நம்பவில்லை என்று ஊருக்குச் சொன்ன மாதிரி. தாளைக் கொடுத்தாள்.

மறுநாள் டைப் அடித்த தாளோடு அவர் வந்தார். சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்றாள். வைக்கவும் செய்தாள், அதில் பொய் இல்லை. ஆனால் அவர் குளிக்கப் போனதும் தாளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். அங்கே இருந்த ஜலஜா காலேஜ் படித்தவள், கும்பகோணத்துப் பெண். யாருக்கும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொல்லச் சொன்னாள்.

ஜலஜா நிதானமாகப் படித்துச் சொன்னாள். நாள் சரியாக இருந்தது. வண்டி நம்பர் சரி. வெளி யார்டு, நாலு வேல், முருகன் மேல் ஆணை, எல்லாம் இருந்தது. தங்கம் மூச்சை விட்டாள். ஜலஜா தாளைத் திருப்பித் தரவில்லை.

"மாமி, அடியில இன்னொரு பேரா இருக்கு. இது ஒங்காத்துக்காரர் எழுதினது. அவர் பேரே போட்டிருக்கு. நீங்க இதச் சொன்னேளா?"

ஜலஜாவே படித்தாள். மேலே கண்ட வண்டியும் அதைப்போன்ற மற்ற வண்டிகளும் சோதனை முடிந்த பிறகு இரண்டு நாள் வெளி யார்டில் நின்றதற்குக் காரணம் நான்தான். காண்ட்ராக்டரின் முன்ஷி கேட்டுக்கொண்டதன் பேரில் காகிதங்களைத் தாமதமாகக் கொடுத்தேன். அதற்கு ஒரு குடை வாங்கிக்கொண்டேன். குடையை இத்துடன் ஒப்படைக்கிறேன். சிவஞானம், குமாஸ்தா.

தங்கம் ஜலஜா வீட்டு அடுப்படித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஜலஜா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடிக்காமலே எழுந்து வீட்டுக்கு வந்து, தாளை மறுபடி படத்துக்கு முன்னால் வைத்தாள். அவர் குளித்துவிட்டு வந்தபோது அவர் முன்னாலேயே எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். அவளுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. தான் எழுதியதை அவரும் சொல்லவில்லை. அன்று இரவு ரசத்தில் உப்பு அதிகம். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

விசாரணை மார்கழி முழுக்க நடந்தது. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிருஷ்ண பகதூரின் பதிவேட்டை வரவழைத்தார்கள். சந்தேகப் பிராணி அல்லவா, அவர் வருகிற ஒவ்வொரு வண்டியின் டயர் நம்பரையும் எழுதி வைத்திருந்தார். இங்கே ஸ்டோரில் கொடுத்த நம்பர் ஒன்றுகூட அதில் இல்லை. வெளி யார்டைக் காவல் காக்கும் சௌகிதாரை நாலு கேள்வி கேட்டதும் அவன் அழுதுவிட்டான். முன்ஷியின் ஆட்கள்தான் அந்த இரண்டு நாளில் டயர் மாற்றினார்கள். தரம் வேறு, ரூல் வேறு என்று பாடிய பாட்டு எதற்கு என்று அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. முன்ஷியும் காண்ட்ராக்டரும் போனார்கள். பச்சைமுத்து வேலைக்குத் திரும்பினார். சிவஞானத்துக்கு வேலை தப்பியது, குவார்ட்டர்ஸ் தப்பியது. ஆனால் வரவிருந்த பதவி உயர்வு நின்றுபோய், ஒருவரும் எட்டிப் பார்க்காத பழைய ரெக்கார்டு அறைக்கு மாற்றினார்கள். தனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் ஹெட் கிளார்க் ஆவதை அவர் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பச்சைமுத்து திரும்பி வந்ததும் செய்த முதல் காரியம் சோதனைத் தாளை மாற்றியது. டயர் நம்பர், பிரேக், ஸ்டியரிங் எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு கட்டம். ஒன்று இங்கே, ஒன்று அங்கே. இரண்டு பக்கமும் ஒரே தாளில் ஒரே சோதனை, ஒருவர் எழுதியதை மற்றவர் நம்ப வேண்டிய அவசியமே இல்லாதபடி. அதற்கப்புறம் அவர் கையெழுத்திட்ட வண்டி ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

எண்பத்திரண்டாம் வருஷம் பங்குனியில் அவர் ஓய்வு பெற்று ஊருக்குக் கிளம்பினார். தங்கமும் சிவஞானமும் வழியனுப்ப நியூ டெல்லி ஸ்டேஷனுக்குப் போனார்கள். தங்கம் புளியோதரை கட்டிக்கொண்டு போயிருந்தாள். பச்சைமுத்து பெட்டியில் ஏறியதும் பெர்த் சங்கிலியை இழுத்துப் பார்த்தார், ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தார். பிறகுதான் உட்கார்ந்தார். வண்டி கிளம்ப இருபது நிமிஷம் இருந்தது. கூஜாவில் தண்ணீர் பிடித்துவருவதாகச் சொல்லிச் சிவஞானம் குழாயைத் தேடிப் போனார்.

தங்கம் ஜன்னலோரம் வந்து நின்றாள். இனி இவரைப் பார்க்கப் போவதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. பார்க்கவும் இல்லை, மூன்றாம் வருஷம் ஊரிலிருந்து கருப்பு மை தடவிய கடிதம்தான் வந்தது. அன்றைக்கு அவள் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னாள். வீட்டுக்காரர் எழுதியதை நான் பக்கத்து வீட்டில் கொடுத்துப் படிக்கச் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டேன் என்றாள். அது அவருக்கு இன்றைக்கும் தெரியாது என்றாள்.

"அவ்வளவு எழுதிக் குடுத்த மனுசன் அண்ணாச்சி. இருந்தும் இன்னும் துவைக்கப் போடுததுக்கு முன்னால சட்டைப் பையத் தடவுதேன். ஆபீஸ்லருந்து அஞ்சு நிமிசம் பிந்தி வந்தா எங்க போனியன்னு கேக்கேன். கேட்டுட்டு, சொன்னது நெசமான்னு யோசிக்கேன். சாமிகிட்டச் சொல்லி அழுதும் பாத்துட்டேன். போக மாட்டேங்கு."

கூஜாவைக் கவனமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தில் தோளால் இடித்து வழி செய்துகொண்டு சிவஞானம் வருவது தூரத்தில் தெரிந்தது. அவரைப் பார்த்துக்கொண்டே பச்சைமுத்து சொன்னார்:

"முழு லோடு ஏத்தி, மேட்டுல நிறுத்திப் பாத்துட்ட. நின்னுச்சில்ல? அப்புறம் வண்டிய ரோட்டுல வுட்ருணும் தங்கச்சி. நான் வுட்டதே இல்ல. முப்பது வருசமா ஊர்ல இருக்கிற எம் பொண்டாட்டிக்கு எழுதின கடுதாசில பாதி, கேள்விதான். இப்ப அவகிட்டதான் போறேன். இன்னா பேசறதுன்னு தெரியல."